அச்சிட்டு வெளியிடுபவர்

அடிலெய்டிலிருந்து ரயிலேறி வரவேண்டிய எங்கள் வீல் ஹோப் ஊரில் இறந்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேசுவார்கள். சைலஸ் நான்கிவெல்லைப் பற்றியும் அப்படித்தான்: சேப்பலுக்குத் தவறாதவன், பியரின் வாசனைகூட அறியாதவன், நாற்பது வருஷம் 'கூரியர்' பத்திரிகையை ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் கொண்டுவந்தவன். எல்லாம் உண்மை. அவன் வயிறெரிந்தே வாழ்ந்தான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்ல யாருக்கும் தெரியாது. அச்சுப் பெட்டியில் எழுத்துகளைப் போட்டு வைப்பதுபோல அவன் தன் பொறாமையையும் அறை அறையாகப் பிரித்து, தூசி படாமல் வைத்திருந்தான்.

ஊரிலுள்ள எல்லார் மேலும் பொறாமைப்பட அவனுக்கு நேரமில்லை. ஒரே ஆள் போதுமானவனாக இருந்தான். பெர்சி டிரெம்பாத்.

இரண்டு பேரும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். பெர்சி புதன்கிழமை, சைலஸ் சனிக்கிழமை. அப்பன்மார் இருவரும் ஒரே செம்புச் சுரங்கத்தில் ஒரே ஏணியில் இறங்கி ஏறியவர்கள். பதினாலு வயதில் பையன்கள் இருவரும் கிழவர் ஜேபஸின் அச்சுக்கூடத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் வைத்து மடித்துச் சுட்ட பேஸ்டி வரும். எங்கள் ஊர் அம்மாக்கள் பேஸ்டியின் ஒரு மூலையில் மாவாலேயே பெயரெழுத்தைப் பதித்து அனுப்புவார்கள், யாருடையது யாருக்கு என்று சண்டை வராமலிருக்க. பெர்சி தன்னுடையதை முடித்துவிட்டு, "உங்கம்மா கைப்பக்குவமே தனிடா" என்று சொல்லி சைலஸுடையதில் பாதியைக் கேட்டு வாங்குவான். கேட்டு வாங்கினான் என்பதுதான் கொடுமை. திருடியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

பெர்சிக்குக் குரல் இருந்தது. சேப்பலில் அவன் ஜெபம் பண்ண எழுந்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள்கூட விழிப்பார்கள். சைலஸுக்குக் குரல் கிடையாது, கை இருந்தது. அவன் எழுதினால் வாக்கியம் நிற்கும். பெர்சி எழுதினால் அது எங்காவது போய் விழுந்து காலை உடைத்துக்கொள்ளும். ஐடா என்ற பெண்ணை சைலஸ் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆனால் பெர்சி அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று தெரிந்ததும் மூன்று நாள் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஆலிவைக் கட்டிக்கொண்டான். ஆலிவ் கெட்டிக்காரி, கொஞ்சம் வாய் நீளம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் கிழவர் ஜேபஸ் இறந்தபோது, இருவரும் பாதிப் பாதியாகப் பத்திரிகையை வாங்கினார்கள். பத்திரிகை என்றால் கடைசிப் பக்கத்தின் அடியில் 'அச்சிட்டு வெளியிடுபவர்' என்று ஒரு பெயர் இருக்க வேண்டும். சட்டம் அது. ஏதாவது தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமே.

"என் பேரைப் போட்டுக்கட்டுமாடா?" என்று கேட்டான் பெர்சி, கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே.

சைலஸ் தோளைக் குலுக்கினான். "போட்டுக்கோ."

அந்தத் தோள் குலுக்கலை நினைத்து அவன் இருபத்தெட்டு வருஷம் மனசுக்குள் புழுங்கினான். மற்ற எழுத்தெல்லாம் ஒவ்வொரு வாரமும் அச்சானதும் கலைந்து பெட்டிக்குப் போகும். அந்த ஒரு வரியை மட்டும் கலைப்பதில்லை. கோத்தது கோத்தபடி நூலால் கட்டி, பக்கங்களை அடுக்கிப் பூட்டும் கல்மேசை ஓரத்தில் இருக்கும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் சைலஸ்தான் அதைத் தன் கையால் எடுத்துக் கடைசிப் பக்கத்தின் காலடியில் வைப்பான். அச்சிட்டு வெளியிடுபவர்: பெர்சி டிரெம்பாத், கூரியர் அலுவலகம், வீல் ஹோப். தலையங்கம் எழுதியது சைலஸ். அச்சுக் கோத்தது சைலஸ். தேய்ந்த எழுத்தைப் பிடுங்கிவிட்டுப் புதுசு மாட்டியதும் சைலஸ்தான்.

"அந்தப் பொடி எழுத்தை யாருங்க படிக்கிறா?" என்பாள் ஆலிவ். "பேஸ்டி சுத்தற பக்கம் அது."

"நான் படிக்கிறேன்" என்பான் சைலஸ்.

முப்பத்துநாலில் பெர்சி தேர்தலில் நின்று ஜெயித்துப் பாராளுமன்றத்துக்குப் போனான். மேடைப் பேச்சுகளை சைலஸ் எழுதிக் கொடுத்தான். யுத்தம் வந்து, நாற்பதாம் வருஷம் ஆகஸ்டில், பெர்சியைச் செய்தித் துறை அமைச்சராக்கினார்கள். எதைப் பத்திரிகைகள் போடலாம், எதைப் போடக் கூடாது என்று நாட்டுக்கே சொல்கிற வேலை. தணிக்கை ஆணைகள் அவன் கையெழுத்தோடு வர ஆரம்பித்தன. சந்தோஷத்தில் ஊரே பைத்தியமாகிவிட்டது. சேப்பலில் விசேஷ ஆராதனை, இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில் குங்குமப்பூ கேக், தீயணைப்பு வண்டிக்குக்கூடத் தோரணம்.

அமைச்சர் பத்திரிகை நடத்தக் கூடாது என்பதால் பெர்சி பெயரை எடுக்க வேண்டி வந்தது. அந்த வியாழக்கிழமை சைலஸ் பழைய வரியின் நூலை அவிழ்த்தான். அச்சிட்டு வெளியிடுபவர்: சைலஸ் நான்கிவெல். ஒருதடவைகூட மையே படாத எழுத்துகளாகப் பார்த்துப் பொறுக்கிக் கோத்தான்.

ஈரம் காயாத பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனான். ஆலிவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தாள். அதில் பெர்சியின் படம், ரொட்டித்துண்டு அளவுக்கு. கட்டைவிரல் பருமனுள்ள எழுத்தில் பெர்சியின் பெயர். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மூக்கு தாளில் படுகிற அளவுக்குக் குனிந்தாள்.

"இருக்கு" என்றாள். "நல்லாத்தான் இருக்கு. வெளிச்சத்துல பிடிச்சா தெரியுது."

சைலஸ் அன்று ராச்சாப்பாட்டைத் தொடவில்லை.

நவம்பரில் அமைச்சர் ரேடியோவில் பேசினார். இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில் பெரிய பெட்டியை வைத்து ஊரே கூடியிருந்தது. வாயைக் கட்டுப்படுத்துவது பற்றிய பேச்சு. நம் பையன்கள் எப்போது எந்தக் கப்பலில் போகிறார்கள் என்று கடையிலும் ரயிலிலும் பேசாதீர்கள் என்றான் பெர்சி. அந்தக் குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்தாலும் பின்வரிசையை எழுப்பத்தான் செய்தது. முடிவில் கொஞ்சம் நிறுத்தி, "நம் வாசலைத் தாண்டிய சொல் எந்தத் துறைமுகத்தில் கரையிறங்கும் என்று நமக்குத் தெரியாது" என்றான்.

மண்டபம் கை தட்டியது. மிஸஸ் ஹாக்கிங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படிப்பட்ட வார்த்தை! கர்த்தர் கொடுத்த வார்த்தை" என்றாள்.

கர்த்தர் கொடுக்கவில்லை. பதினேழாம் வருஷம் ஜூன் மாதம், பல்வலியோடு, சைலஸ் எழுதிய தலையங்கம் அது. வரிக்கு வரி, கால்புள்ளிக்குக் கால்புள்ளி.

ஆலிவ் அவன் முழங்கையை இடித்தாள். "அது உங்க வாக்கியமாச்சே."

"தெரியும்."

"எழுந்து சொல்லுங்களேன்."

"கையைத் தட்டு" என்றான் சைலஸ். தானும் தட்டினான். அப்போது அவனுக்கு வந்தது ஆத்திரம்கூட இல்லை. ஒரு பிரார்த்தனை வந்தது. சேப்பலுக்குத் தவறாதவனல்லவா? ஆண்டவரே, இவன் ஒருதடவை, ஒரே ஒரு தடவை, ஊர் பார்க்கக் கீழே விழட்டும்.

ஆண்டவர் ஜனவரியில் வழி செய்து கொடுத்தார். அல்லது வேறு யாரோ.

'கூரியரில்' எல்லாரும் முதலில் படிப்பது தலையங்கத்தை அல்ல, 'வருவோர் போவோர்' பத்தியைத்தான். யார் அடிலெய்டுக்குப் போனார், யார் வீட்டுக்கு யார் விருந்தாளி, யாருக்குப் பித்தப்பைக் கல். வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. பெண்கள் தங்கள் பயணத்தைச் சீட்டில் எழுதிப் போட்டுவிடுவார்கள். போட்டதை அச்சில் பார்க்காவிட்டால் சேப்பலில் முகம் கொடுக்கமாட்டார்கள். அந்தச் சீட்டில்தான் யுத்தத்தின் ஆபத்தே இருந்தது. ஒரே வாரத்தில் ஏழு அம்மாக்கள் ஒரே ரயிலில் அடிலெய்ட் போகிறார்கள் என்று போட்டால், படைக்கப்பல் எப்போது கிளம்புகிறது என்று கண்ணில்லாதவனுக்கும் தெரிந்துவிடும். அதனால் சைலஸ் ஒவ்வொரு வாரமும் காதில் செருகிய பென்சிலை எடுத்துச் சீட்டிலேயே திருத்துவான். மகனை வழியனுப்பப் போகிறவளைப் பல் டாக்டரிடம் அனுப்புவான். திருத்தியதைப் பார்த்து அச்சுக் கோப்பான். கோத்து முடித்த சீட்டைக் கம்பியில் குத்தி வைப்பான். ஒரு வருஷம் அங்கே இருக்கும்.

அந்த வாரம் ஆறு சீட்டு பெட்டியில் இருந்தது. ஏழாவதை ஐடா டிரெம்பாத் தானே கொண்டுவந்தாள், கையுறையும் தொப்பியுமாக, நூற்றுப்பத்து டிகிரி வெயிலில்.

"சைலஸ், இதை நான் எழுதினபடியே போடணும்."

"பாக்கறேன், ஐடா."

"பாக்கறேன்னா மாத்திடுவீங்க. அக்டோபர்ல என்ன பண்ணினீங்க? நான் எங்க பையன் கீத்தைப் பாக்க கேம்ப்புக்குப் போனா, அக்காவைப் பாக்கப் போறேன்னு போட்டீங்க. எனக்கு ஏது அக்கா? சேப்பல்ல எல்லாரும் கேட்டுச் சிரிச்சாங்க, உங்கப்பா அப்படிப்பட்ட ஆளாத் தெரியலையேன்னு."

சைலஸுக்கே சிரிப்பு வந்தது.

"சிரிக்காதீங்க. அமைச்சர் வீட்டுச் செய்தி. எவளோ பல்லு பிடுங்கப் போற செய்தி மாதிரி ஓரத்துல போடாதீங்க."

அவள் போனபின் சீட்டைப் படித்தான். 'அமைச்சர் மாண்புமிகு பி. டிரெம்பாத்தின் மனைவி, கடல் கடந்து செல்லும் தம் மகன் கீத்தை வழியனுப்ப, செவ்வாய்க்கிழமை ரயிலில் அடிலெய்ட் செல்கிறார். கப்பல் வரும் வியாழனன்று வெளித்துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது.'

நாட்டுக்கே வாயைப் பூட்டியவனின் சமையலறையிலிருந்து வந்த சீட்டு.

மற்ற ஆறையும் எப்போதும்போலத் திருத்தினான். மிஸஸ் ஹாக்கிங்கைப் பல் டாக்டரிடம் அனுப்பினான். மிஸஸ் பென்ஹாலைத் திரைச்சீலைத் துணி வாங்க அனுப்பினான். ஏழாவதற்கு வந்தபோது பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். ஐடாதானே எழுதினபடி போடச் சொன்னது? எந்த ஜெர்மன்காரன் 'கூரியருக்கு' சந்தா கட்டியிருக்கிறான்? கப்பலுக்கு ஒன்றும் ஆகாது, அடிலெய்டில் நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தான். கோத்து முடித்ததும் போய்க் கையைக் கழுவினான். திரும்பி வந்து ஒருதடவை பார்த்தான். மாற்ற இரண்டு நிமிஷம் போதும். மாற்றவில்லை. தன் பெயருள்ள வரியை எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியில் வைத்தான். அது எதற்காக அங்கே இருக்கிறது என்பது அன்று அவனுக்கு நினைவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஊரில் ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. மிஸஸ் ஹாக்கிங் மட்டும் வந்து, "என் பல்லெல்லாம் உறுதியாத்தான் இருக்கு, மிஸ்டர் நான்கிவெல்" என்று காட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அடிலெய்டிலிருந்து கடற்படை அதிகாரி ஒருவன் வந்தான். இளவயது, வெள்ளை உடுப்பு, வியர்வை. கையில் 'கூரியர்' இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து உரக்கப் படித்தான்: "அச்சிட்டு வெளியிடுபவர், சைலஸ் நான்கிவெல். நீங்கதானா?"

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வரியை ஒருவர் வாய்விட்டுப் படித்தது அதுதான் முதல்தடவை.

"நான்தான்" என்றான் சைலஸ்.

"ஆறு மாசம் வரை உள்ள போடலாம், சார். ஆயிரத்து எழுநூறு பேர் ஏறவேண்டிய கப்பலை நிறுத்தி வச்சிருக்கோம். பையன்களெல்லாம் தகரக் கொட்டகைல வெந்துகிட்டிருக்காங்க. எழுதிக் கொடுத்த சீட்டெல்லாம் இருக்கா?"

"கம்பில இருக்கு."

"அப்படியே இருக்கட்டும். ஒண்ணுகூடக் குறையக் கூடாது. ஆணையோட வியாழக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

சைலஸ் பயந்தான். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு குதூகலமும் இருந்தது. சீட்டு பேசும். அமைச்சரின் மனைவி எழுதினபடியே போட்டேன், நான் என்ன செய்ய? இனி பெர்சி பதில் சொல்லட்டும்.

பெர்சி பதில் சொன்னான். செவ்வாய்க்கிழமை நகரத்துப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது: சட்டம் என் பத்திரிகைக்கும் பொருந்தும், வழக்கு நடக்கட்டும், நான் தலையிடமாட்டேன் என்றிருந்தான். 'சொந்தப் பத்திரிகையையும் விடாத அமைச்சர்' என்று தலைப்பு. படம் வேறு. சைலஸ் அதை நாலு தடவை படித்தான். தள்ளிவிட்டவன் குழிக்குள் கிடக்க, தள்ளப்பட்டவன் மேடைமேல் நின்றான். அன்றைக்கு அவனுக்கு வந்த எரிச்சலை ஆலிவால்கூட ஆற்ற முடியவில்லை. "ஜெயிலுக்குப் போற மனுஷன் அதை நினைச்சுக் கவலைப்படாம, அவன் போட்டோவை நினைச்சுக் கவலைப்படறீங்களே" என்றாள்.

புதன்கிழமை மத்தியான ரயிலில் பெர்சி வந்தான். வீட்டுக்குப் போகவில்லை. நேராக அச்சுக்கூடத்துக்கு வந்து, தொப்பியைக் கல்மேசைமேல் வைத்து, கோட்டைக் கழற்றினான். இளைத்திருந்தான்.

"டீ இருக்காடா?"

சைலஸ் ஊற்றிக் கொடுத்தான். பெர்சி கோப்பையோடு கம்பியிடம் போனான். பழைய பத்திரிகைக்காரன், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரியும். சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினான்.

"மிஸஸ் ஹாக்கிங், பல் டாக்டர்." சிரித்தான். "மிஸஸ் பென்ஹால், திரைச்சீலை. மிஸஸ் டிரெலோர், நாத்தனாருக்குக் குழந்தை. அவளுக்கு நாத்தனார் இருக்காளா?"

"தெரியாது."

"நல்லா எழுதறடா நீ. பொய்யைக்கூட." அடுத்து உருவினான், அடுத்து, அடுத்து. ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அதில் பென்சில் கோடே இல்லை. சைலஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஒரு சீட்டு பேசும் என்று நினைத்திருந்தான். மற்ற ஆறும் பேசும் என்று நினைக்கவில்லை.

"இதை மட்டும் ஏன் தொடல?"

"ஐடா எழுதினபடியே போடச் சொன்னாங்க."

"மிஸஸ் ஹாக்கிங் மட்டும் அப்படிச் சொல்லாமலா இருந்திருப்பா?"

சைலஸ் எண்ணெய்த் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான்.

"அந்தக் கப்பல்லதான் கீத்தும் போறான். உன் தோட்டத்து ஆப்ரிகாட்டையெல்லாம் திருடித் தின்ன பய." பெர்சியின் குரல் முதல்தடவையாகச் சின்னதாக இருந்தது. "எத்தனை வருஷமாடா இது?"

"பன்னெண்டாம் வருஷத்துலேர்ந்து. உன் பேரைப் போட்டுக்கட்டுமான்னு கேட்டியே, அன்னையிலேர்ந்து." கொஞ்சம் யோசித்தான். ஒப்புக்கொள்ள ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. "இல்ல. அதுக்கும் முன்னாடி. பேஸ்டி."

"எந்த பேஸ்டி?"

"என்னோட பேஸ்டி. தினம் பாதி வாங்கித் தின்னியே."

பெர்சி வாயைப் பிளந்துகொண்டு அவனைப் பார்த்தான். "தரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமேடா!"

"நீ கேக்கிற மாதிரி கேட்டா யாரால முடியும்? இப்பக்கூட ரேடியோவில என் வாக்கியத்தைச் சொல்லி ஊரையே அழ வச்ச. கேட்டிருந்தா அதையும் கொடுத்திருப்பேன். அதைக்கூடக் கேக்கல நீ."

"கேக்கல" என்றான் பெர்சி. "உன்னோடது என்னோடதுன்னு நான் பிரிச்சுப் பாத்ததே இல்ல. அது உனக்கு இவ்வளவு வலிக்கும்னு தெரியல." பிறகு பெர்சி வந்து, சைலஸின் காதிலிருந்த பென்சிலை உருவினான். சீட்டைக் கல்மேசைமேல் வைத்து இரண்டு வரியை அடித்தான். மேலே, சைலஸின் கையெழுத்துச் சாயலிலேயே, சாய்ந்த எழுத்தில் எழுதினான்: 'தம் அக்காவைப் பார்க்க.' சீட்டைத் திரும்பக் கம்பியில் குத்தினான்.

"என்ன பண்ற?"

"திருத்தறேன். நாளைக்கு நேவிக்காரன் வந்தா ஏழும் திருத்தியிருக்கும். அச்சுக் கோக்கிறப்போ கண்ணு தவறி அடிச்ச வரியைப் பாத்துக் கோத்துட்டேன்னு சொல்லு. வயசாச்சுன்னு சொல்லு. எச்சரிச்சு விட்டுருவாங்க."

"நீ அமைச்சர்டா!"

"இப்ப இல்ல. சாட்சிச் சீட்டுல கை வச்சவன் எப்படிடா அமைச்சரா இருக்கிறது?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பேப்பர் எடு. ராஜினாமா எழுதணும். எனக்கு எழுத வராதுன்னு உனக்குத்தான் தெரியுமே."

சைலஸ் முன்னால் அப்போது ஒரு வழி இருந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டு, நானே வேண்டுமென்று செய்தேன் என்று நேவிக்காரனிடம் சொல்லியிருக்கலாம். பெர்சியும் அமைச்சராகவே இருந்திருப்பான். அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. ஆறு மாதச் சிறையை நினைத்தான். அதைவிட, பெர்சி இன்னும் அமைச்சராக இருப்பதை நினைத்தான். இரண்டில் எது அதிகம் தடுத்தது என்று கடைசிவரை அவனால் சொல்ல முடியவில்லை. பேப்பரை எடுத்தான்.

எழுத உட்கார்ந்தபின் கை தன் பாட்டுக்கு ஓடியது. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை: அவ்வளவு நன்றாக அவன் அதற்குமுன் எழுதியதில்லை. பெர்சி வாங்கிப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "இதுல என் பேரைப் போட்டுக்கட்டுமாடா?" என்று கேட்டான்.

சைலஸ் இந்தத் தடவை தோளைக் குலுக்கவில்லை. சரியென்று தலையை அசைத்தான்.

வியாழக்கிழமை அதிகாரி வந்து ஏழு சீட்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சைலஸ் கண் தவறிவிட்டது என்று சொன்னான். "கண்ணாடியை மாத்துங்க, பெரியவரே" என்று எச்சரித்துவிட்டுப் போனான். கப்பல் நாலு நாள் தாமதமாகக் கிளம்பிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

ஊர் மறுபடி இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில் கூடியது. பெட்டிக்குள்ளிருந்து பெர்சியின் குரல் வந்தது. "நான் எழுதிய சட்டம் என் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. இனி அதை இன்னொருவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் தகுதி எனக்கு இல்லை." மண்டபத்தில் ஆண்களும் அழுதார்கள். ஐடா முன்வரிசையில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மிஸஸ் ஹாக்கிங் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பதவியிலிருந்தபோது பெர்சிக்குக் கிடைத்த கைதட்டலைவிடப் பதவியை விட்டதற்குக் கிடைத்தது பெரிது.

ஆலிவ் முழங்கையை இடித்தாள். "அதுவும் உங்க வாக்கியம்தானே? எனக்குத் தெரியாதா?"

"இல்ல" என்றான் சைலஸ். "அது அவனோடது."

பெர்சி ஊருக்குத் திரும்பி வந்து தன் பழைய மேசையில் உட்கார்ந்தான். அந்த வியாழக்கிழமை சைலஸ் கடைசிப் பக்கத்து வரியைக் கலைத்துவிட்டு, பெர்சியின் பெயரைக் கோத்து, சரிபார்க்க ஒரு படி எடுத்துக் கொடுத்தான். பெர்சி அதை அடித்துவிட்டு, சைலஸின் பெயரை எழுதித் திருப்பிக் கொடுத்தான். "அது உன்னோடது. இருக்கட்டும்" என்றான். அதற்குப்பின் எட்டு வருஷம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேஸ்டி சாப்பிட்டார்கள். அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கீத் நாற்பத்தைந்தில் திரும்பி வந்து மறுபடி ஆப்ரிகாட் திருடினான்.

பெர்சி எப்பேர்ப்பட்டவன் என்று ஊர் இந்த எட்டு வருஷமும் பேசிக்கொண்டே இருந்தது. அவன் உண்மையில் செய்ததில் பாதிகூட ஊருக்குத் தெரியாது. முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் சைலஸ். அவன் மட்டும் வாயைத் திறக்க முடியாது. பதவி, படம், குரல் எல்லாவற்றின் மேலும் இருந்த பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. அந்தப் புதன்கிழமை பென்சிலை உருவிய கையின் மேல் இருந்த பொறாமை மட்டும் ஆறவில்லை. தன்னால் அப்படி ஒரு காரியம் செய்திருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

நாற்பத்தொன்பதில் பெர்சி தூக்கத்தில் போனான். சைலஸ் நாலு பத்தி நீளத்துக்கு இரங்கல் எழுதினான். அச்சேறுமுன் ஐடா கறுப்பு உடுப்போடு வந்து, நின்றபடியே படித்தாள். படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரே எழுதின மாதிரி இருக்கு, சைலஸ்" என்றாள். பாவம், பாராட்டாகத்தான் சொன்னாள். "அவர் செஞ்ச நல்லதெல்லாம் வந்துடுச்சா? ஒண்ணும் விட்டுப்போகலையே?"

"ஒண்ணு விட்டுப்போச்சு, ஐடா."

"அதையும் சேர்த்துடுங்களேன். என்ன அது?"

சைலஸ் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தான். மறுபடி காதில் செருகினான்.

"இடம் பத்தல" என்றான்.

அவள் போனதும் கல்மேசை ஓரத்திலிருந்த வரியை எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியில் வைத்தான். அச்சிட்டு வெளியிடுபவர்: சைலஸ் நான்கிவெல்.